'துணைக்கு இருப்பவர்'

வீட்டுப் பராமரிப்பில் தரம், பாதுகாப்பு என்றாலே நோயாளியின் பாதுகாப்புதான் பேசப்படுகிறது. அவரைக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, மருந்து கொடுப்பவரின் பாதுகாப்பு? அமெரிக்க வரலாற்றைப் பாருங்கள் தோழர்களே.

1938இல் அங்கே குறைந்தபட்சக் கூலிக்கும் மிகைநேர ஊதியத்துக்கும் சட்டம் வந்தது. விவசாயக் கூலிகளும் வீட்டுப் பணியாளர்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்த வேலைகள் இவை. சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தொழிலின் பெயரைச் சொன்னாலே போதுமானதாக இருந்தது. சாதியை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

1974இல் வீட்டுப் பணியாளர்கள் சேர்க்கப்பட்டார்கள். முதியோருக்கும் நோயாளிக்கும் 'துணைக்கு இருப்பவர்' மட்டும் விலக்கப்பட்டார். ஜமைக்காவில் பிறந்த ஈவ்லின் கோக், நியூயார்க்கில் சுமார் 20 ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தவர். சில நாட்களில் 24 மணி நேரமும். மிகைநேர ஊதியம் கேட்டு வழக்குப் போட்டார். 2007இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். 2009இல் அவர் இறந்தார். விதி திருத்தப்பட்டது 2013இல். நடைமுறைக்கு வந்தது 2015இல்.

இரவெல்லாம் தூங்காதவர் மருந்தின் அளவைத் தவறாமல் கொடுப்பார் என்று எப்படி நம்புவது? நோயாளியின் பாதுகாப்பு தொழிலாளியின் உரிமையில் தொடங்குகிறது.

வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 189ஆவது உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. ஆதரித்து வாக்களித்த இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. பராமரிப்பு நிறுவனங்களிடம் தரச்சான்று கேட்கும்போது, பணியாளரின் சம்பளச் சீட்டையும் கேட்போம்.