கணினி நேரத்துக்கு ஒரு கணக்கு: கிளவுட் செலவு டாஷ்போர்டுகளின் வரலாறு

வாடகைக்கு எடுத்த கணினிகளுக்கு எந்த நாளில், எந்த மணியில், யாருடைய வேலைக்காக எவ்வளவு பணம் போனது என்பதை வரைபடமாகவும் பட்டியலாகவும் காட்டும் திரையே கிளவுட் செலவு டாஷ்போர்டு. கிளவுட் சேவைகளை நம்பி இயங்கும் நிறுவனங்களில் இன்று இது அன்றாடக் கருவி. ஆனால் இதன் வேர் கிளவுடுக்கும் முந்தையது. ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கிய 1960களிலேயே, பயன்பாட்டை அளந்து உரியவரின் கணக்கில் எழுதும் வழக்கம் வந்துவிட்டது.

அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற நேரப் பங்கீட்டு அமைப்பு, 1961 நவம்பரில் செயல்விளக்கமாகக் காட்டப்பட்டது. பயனருக்கு இவ்வளவு கணினி நேரம் என்று அதில் ஒதுக்கீடு இருந்தது. ஒவ்வொரு கட்டளையும் முடிந்தவுடன், அதற்குச் செலவான நொடிகளை முனையம் அச்சிட்டுக் காட்டியது. அதே ஆண்டு எம்ஐடி நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலக் கணினியும் ஒருநாள் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அமையக்கூடும் என்றார்.

1964இல் அறிமுகமான ஐபிஎம் சிஸ்டம்/360 வரிசைக் கணினிகளில் இந்த வழக்கம் நிலைபெற்றது. கணினிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு வேலையின் முதல் அட்டையிலும் கணக்கு விவரத்தைத் துளையிட இடம் இருந்தது. வேலை எடுத்துக்கொண்ட செயலி நேரம் முதலியவற்றை எஸ்எம்எஃப் என்ற பதிவு அமைப்பு குறித்துவைத்தது. அந்தப் பதிவுகளைக் கொண்டு, கணினி மையம் ஒவ்வொரு துறைக்கும் உரிய தொகையைக் கணக்கிட்டது.

தனிநபர் கணினிகளும் மலிவான சர்வர்களும் பரவியதும் இந்தக் கணக்கு பல இடங்களில் மங்கியது. சர்வர் முன்பணம் கொடுத்து வாங்கிய சொத்தாயிற்று. அது சும்மா கிடந்தாலும் ஓடினாலும் வாங்கிய விலை ஒன்றுதான். மணிக்கணக்கில் அளக்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை. செலவைக் கட்டுப்படுத்தும் இடம், கொள்முதலுக்கு ஒப்புதல் தரும் நிதித் துறையாக இருந்தது.

2006இல் அந்த ஏற்பாடு தலைகீழானது. அமேசான் மார்ச் மாதம் எஸ்3 சேமிப்புச் சேவையை ஒரு ஜிபிக்கு மாதம் 15 சென்ட் என்ற விலையிலும், ஆகஸ்டில் இசி2 கணிப்புச் சேவையை மணிக்கு 10 சென்ட் என்ற விலையிலும் தொடங்கியது. மணிக்கு 10 சென்ட் அற்பமாகத் தெரியும். ஆண்டு முழுவதும் அணைக்காமல் விட்டால் ஒரு சர்வருக்கு 876 டாலர். நூறு சர்வர்கள் என்றால் 87,600 டாலர். கொள்முதல் முடிவு நிதித் துறையின் கையிலிருந்து பொறியாளரின் விசைப்பலகைக்கு மாறியது. பில்லோ மாதக் கடைசியில்தான், அதுவும் பொறியாளர் பார்க்காத மேசைக்குப் போனது. செலவு செய்பவர் ஒருவர், பில்லைப் பார்ப்பவர் வேறொருவர் என்ற இந்த இடைவெளியே டாஷ்போர்டுகளைப் பிறப்பித்தது.

2009இல் முன்பதிவு சர்வர்களும், அன்று ஏலமுறையில் கிடைத்த ஸ்பாட் சர்வர்களும் வந்தபின், வழக்கமான மணிக் கட்டணத்தோடு சேர்த்து ஒரே இயந்திரத்துக்கு மூன்று விதமான விலைகள் ஏற்பட்டன. பில்லை வரிவரியாகப் படிப்பது மனிதரால் ஆகாத வேலையாயிற்று. இந்தத் தேவையை நம்பி போர்ட்லாண்டில் கிளவுடபிலிட்டி, பாஸ்டனில் கிளவுட்ஹெல்த் ஆகிய நிறுவனங்கள் தோன்றின. 2012இல் அமேசான் செலவுப் பகுப்புக்கான டேக் முறையைக் கொண்டுவந்தது. எந்தத் துறை, எந்தத் திட்டம் என்று சர்வரின் மேல் ஒட்டிய அந்தச் சீட்டு, பழைய துளை அட்டையின் கணக்கு விவரம் செய்த வேலையையே செய்தது. 2013இல் நெட்ஃபிளிக்ஸ், தன் தேவைக்காக எழுதிய ஐஸ் என்ற டாஷ்போர்டைத் திறமூலமாக வெளியிட்டது. கணக்கு, வட்டாரம், சேவை எனப் பிரித்துச் செலவைக் காட்டிய அது பல நிறுவனங்களுக்கு முன்மாதிரியாயிற்று. 2014இல் அமேசானே காஸ்ட் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியை அளித்தது.

இந்தத் திரைகள் வெளிக்கொணர்ந்த விரயங்கள் எங்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன: சர்வரை நீக்கிய பின்னும் வாடகை ஏறிக்கொண்டிருந்த வட்டுகள், யாரும் தேடாத பழைய நகல்கள், தேவைக்கு மீறிய அளவில் எடுத்த இயந்திரங்கள், மண்டலம் விட்டு மண்டலம் தரவு போய்வரும் கட்டணம். இவற்றுள் எளிதில் சரிசெய்யக்கூடியது, சோதனைக்கான சர்வர்கள் இரவிலும் விடுமுறையிலும் ஓடுவது. வாரத்தின் 168 மணி நேரத்தில் வேலை நாள்களின் 50 மணி நேரம் மட்டும் அவற்றை ஓடவிட்டால், கணிப்புக் கட்டணத்தில் சுமார் 70 விழுக்காடு மிச்சம்.

விலை கணக்கிடும் அலகும் நுட்பமாகிவந்தது. கூகுள் 2013இல் நிமிடக் கணக்குக்கு மாறியது. அமேசான் 2017 அக்டோபரில் லினக்ஸ் சர்வர்களுக்கு நொடிக் கணக்கைக் கொண்டுவந்தது. தேவையற்றதை உடனே அணைத்தால் உடனே பணம் மிச்சமாகும் நிலை அப்போதுதான் முழுமையாக வந்தது.

பிறகு செலவு டாஷ்போர்டு நிறுவனங்களைப் பெரிய நிறுவனங்கள் வாங்கத் தொடங்கின. 2017இல் அதே தொழிலில் இருந்த கிளவுடின் நிறுவனத்தை மைக்ரோசாஃப்டும், 2018இல் கிளவுட்ஹெல்த்தை விஎம்வேரும், 2019இல் கிளவுடபிலிட்டியை ஆப்டியோவும் வாங்கின. ஆப்டியோவையே 2023இல் ஐபிஎம் 460 கோடி டாலருக்கு வாங்கியது. சென்னையைச் சேர்ந்த சோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவும் கிளவுட்ஸ்பெண்ட் என்ற கருவியை விற்கிறது.

கருவிகளோடு ஒரு தொழில்நெறியும் வளர்ந்தது. 2019இல் தோன்றி மறு ஆண்டே லினக்ஸ் ஃபவுண்டேஷனில் சேர்ந்த ஃபின்ஆப்ஸ் ஃபவுண்டேஷன், பொறியாளரும் நிதித் துறையும் ஒரே எண்களைப் பார்த்துப் பேசும் முறையை வகுத்தது. தெரிவித்தல், சீராக்கல், தொடர்ந்து நடத்தல் என்று அதில் மூன்று கட்டங்கள். ஒவ்வொரு கிளவுட் நிறுவனமும் தன் பாணியில் பில் அனுப்பும் சிக்கலைத் தீர்க்க, ஃபோகஸ் என்ற பொதுப் பில் வடிவத்தின் முதல் முழுப் பதிப்பு 2024இல் வெளிவந்தது.

டாஷ்போர்டு தானாக எந்த சர்வரையும் அணைப்பதில்லை. டேக் ஒட்டாத சர்வரின் செலவு எந்தத் திரையிலும் உரிமையாளர் இல்லாத தொகையாகவே நிற்கும். உரிமையாளர் இல்லாத செலவைக் குறைக்க யாரும் முன்வருவதில்லை. திரையின் அழகு இதில் இரண்டாம் பட்சமே. ஒவ்வொரு செலவுக்கும் பொறுப்பேற்க ஒருவரை நியமித்து, அவர் கண்முன்னே அந்த எண்ணை அன்றாடம் வைக்கும் நிறுவனமே கிளவுட் செலவைக் குறைக்கிறது.