ஈத்தேனும் 32 டிகிரியும்

பாடநூல்கள் ஈத்தேனை மீத்தேனுக்கு அடுத்த ஆல்கேன் என்று அறிமுகப்படுத்தி, நிறமற்றது, மணமற்றது, எரியக்கூடியது என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றன. இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே. இந்த வாயு நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது ஏன், இன்று இதற்கென்றே கப்பல் கட்டுவது ஏன் என்பதற்கு இந்த அமைப்பு மட்டும் விடை தராது. விடை அதன் நிலைமாறு வெப்பநிலையில் இருக்கிறது என்பதே என் வாதம். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது; ஈத்தேனுக்கு அது ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸ்.

நம் வீட்டு அடுக்களையில் இதைச் சோதிக்கலாம். கேஸ் சிலிண்டரை லேசாக ஆட்டினால் உள்ளே திரவம் தளும்புவது கைக்குத் தெரியும். பெரும்பாலும் புரப்பேனும் பியூட்டேனும்தான் அது. அவற்றின் நிலைமாறு வெப்பநிலை சுமார் 97, 152 டிகிரி. ஆகவே சித்திரை வெயிலிலும் மிதமான அழுத்தத்திலேயே திரவமாக இருக்கும். ஈத்தேன் அப்படி அடங்காது. மார்கழி விடியலின் 20 டிகிரியில்கூட அதைத் திரவமாக்க 37 வளிமண்டல அழுத்தம் வேண்டும். வெயில் ஏறி 32-ஐத் தாண்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. சனியின் துணைக்கோளான டைட்டனின் தரையிலோ மைனஸ் 179 டிகிரி. அங்குள்ள ஏரியொன்றில் ஈத்தேன் திரவமாகவே தேங்கியிருப்பதை 2008-இல் காசினி விண்கலத்தின் அளவீடுகள் காட்டின.

இயற்கை எரிவாயுவில் பொதுவாக மீத்தேனுக்கு அடுத்து மிகுந்திருப்பது ஈத்தேன். அதைப் பிரிக்க, அழுத்திய வாயுவைச் சுழலி வழியே விரியவிட்டுக் கடுங்குளிருக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்க ஆளில்லையென்றால் அந்தச் செலவு வீண். அதனால் மீத்தேனோடு சேர்த்தே குழாயில் அனுப்பி எரித்தார்கள். எரிபொருளாக அது மட்டமன்று. ஒரே கன அளவில் மீத்தேனைவிட முக்கால் பங்கு கூடுதல் வெப்பம் தரும். ஆனாலும் அதை அடுப்பில் எரிப்பதை விரயம் என்றே கருதுகிறேன். நீராவியோடு கலந்து சுமார் 850 டிகிரியில் நொடிக்கும் குறைவான நேரம் வைத்தால், ஈத்தேன் ஹைட்ரஜனை இழந்து எத்திலீனாகிறது. வினைபடாததைத் திரும்பச் செலுத்தினால், எடையில் 80 விழுக்காடு வரை எத்திலீனாக மாறும். கச்சா எண்ணெயிலிருந்து பெறும் நாப்தாவில் கிடைப்பது 30 விழுக்காட்டை ஒட்டியே. தெருக்குழாயில் வரிசை கட்டும் குடங்களில் பலவும் இந்த எத்திலீனின் பாலிமரே.

அமெரிக்காவில் ஷேல் பாறைகளிலிருந்து எடுத்த வாயு விலையைக் குறைத்ததுதான் ஈத்தேனை எழுப்பியது என்று பொருளியலார் சொல்லலாம். பெருகியதும் மலிந்ததும் உண்மை. ஆனால் மலிந்த பிறகும் அமெரிக்காவில் அது பெருமளவு பிரிக்கப்படாமல் எரிவாயுவிலேயே விடப்பட்டது. கடல் கடந்து கொண்டுசெல்லும் வழி போதாததும் அதற்கு ஒரு காரணம். 2016-இல் முதல் அமெரிக்கச் சரக்கு நார்வே சென்றது. ரிலையன்ஸ் நிறுவனம் ஒவ்வொன்றும் சுமார் 87,000 கன மீட்டர் கொள்ளும் ஆறு கப்பல்களைக் கட்டுவித்து, குஜராத்தின் தஹேஜ் துறைமுகத்துக்கு ஈத்தேனைக் கொண்டுவந்தது. அதே தஹேஜில் ஓஎன்ஜிசி ஆலை, கத்தாரிலிருந்து மைனஸ் 160 டிகிரியில் வரும் திரவ இயற்கை எரிவாயுவிலிருந்து ஈத்தேனைப் பிரிக்கிறது. வெளியே கோடையில் 40 டிகிரி கொதிக்கும் அந்தக் கரையில், ஈத்தேன் தொட்டிக்குள் இருப்பது மைனஸ் 90-ஐ ஒட்டிய திரவம். அந்தக் குளிரைக் காப்பாற்றும் செலவும் ஈத்தேனின் விலையில் அடக்கம்.