காற்றும் கயிறும்



எங்கள் தேவாரம் கடலைக் காணாத ஊர். ஆயினும் காற்றை நன்கறிந்த ஊர். ஆனி, ஆடித் திங்களில் ஏலமலை முகட்டைத் தாண்டி இறங்கும் மேல்காற்றில், நனைந்த வேட்டியை இருவர் முனைகளைப் பற்றி விரித்துப் பிடித்தால் அது குடம்போல் புடைத்து நிற்கும், பிடித்தவரையே இழுக்கும். ஒருவர் ஒரு முனையை விட்டுவிட்டாலோ, அதன் வலிமை அக்கணமே ஒழிந்து, கொடிபோல் படபடக்கும். இந்த எளிய காட்சியை நெஞ்சில் இருத்திக்கொள்ளுங்கள். யான் கூறப்போகும் வரலாறு இதனுள் அடங்கியதே.

பழந்தமிழர் காற்றைப் பணிகொண்டவர்கள். வெண்ணிக் குயத்தியார், காற்றின் இயல்பை வசப்படுத்திக் கலம் செலுத்தியவன் வழிவந்தவன் எனக் கரிகாலனைப் போற்றுகிறார். புறநானூற்றின் 30ஆம் பாட்டோ, மீப்பாயைக் களையாமலே பெருங்கலம் காவிரியின் புகார்முகத்தில் புகுந்ததைத் தனிச்சிறப்பாக எடுத்துரைக்கின்றது. களையாமை சிறப்பாயின், துறை புகுமுன் பாயைக் களைவதே பொதுவழக்கு என்பது பெறப்படும் அன்றோ? பாயை ஏற்றுதல் மட்டுமன்று, காலமறிந்து இறக்குதலும் கலைதான் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பாயை உயர்த்தும் கயிறு ஆஞ்சான், பாயின் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான், அடிமரம் ஏரா என்று நம் கடலோடிகள் வழங்கிய சொற்களும் அவ்வறிவின் சான்றுகளே.

1860களில் இங்கிலாந்தின் தென்கரையில் நடந்த படகுப் பந்தயங்களில் புதியதொரு பாய் பெயர்பெற்றது. அதுவே ஸ்பின்னேக்கர். ஸ்பிங்க்ஸ் என்னும் படகின் பெயர் மருவி இப்பெயர் உண்டாயிற்று என்பர் சிலர். காற்று பின்னிருந்து வீசும்பொழுது மட்டும் படகின் முன்புறத்தே ஏற்றப்பெறும் பெரிய, மெல்லிய பாய் இது. முன்பு பருத்தியால் ஆயது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைலானால் ஆயிற்று.

கனத்த ஏராவை உடைய சிறுபடகு ஒன்றில் நால்வர் செல்வதாகக் கொள்வோம். அவர்கள் பாயை மடித்துப் பையிலிடும்போதே அதன் மூன்று முனைகளும் வெளியே தெரியுமாறு வைப்பர். மேல்முனையில் ஆஞ்சான், கீழ்முனைகள் இரண்டிலும் இரு கயிறுகள். காற்று வரும் பக்கத்து முனையை ஒரு கழி தாங்கும். கழியின் மறுநுனி பாய்மரத்தில் பொருந்தும். பெரும்பாயின் மறைவில், காற்றுப்படாத பக்கத்தில் இப்பாயை விரைந்து ஏற்றுவர். முனைகள் முறுக்கிக்கொண்டால் பாய் உடுக்கைபோல் இடைசிறுத்து நின்றுவிடும். ஏறியபின் கழியைக் காற்றின் போக்குக்குக் குறுக்காக நிறுத்துவர். தாமானைப் பிடித்தவர் காற்றுப்புறத்து விளிம்பினின்றும் கண்ணை எடுக்கலாகாது. அவ்விளிம்பு சற்றே சுருளும்வரை கயிற்றைத் தளர்த்துதலும், சுருண்டவுடன் சிறிது இழுத்தலும் அவர் பணி.

காற்று மிகுந்தால் நிகழ்வது யாது? சுக்கானின் ஆணைக்கு அடங்காது படகு காற்றை நோக்கித் திரும்பிப் பக்கவாட்டில் சாயும். அந்நேரத்தில் தாமானை இறுகப் பற்றுவது வீரமன்று. உடனே தளர்த்துவதே அறிவு. பாயின் வலிமை ஒழிந்ததும், அடியிலுள்ள ஏராவின் எடை படகை மீண்டும் நிமிர்த்தும். இறக்கும்போதும் பெரும்பாயின் மறைவே துணை. கழிப்பக்கத்துக் கயிற்றை விட்டு, மறுபக்கத்துக் கயிற்றால் பாயைக் கைக்குள் சுருட்டிக்கொண்டே ஆஞ்சானைத் தளர்த்துவர். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் பாய் நீரில் வீழ்ந்து படகைத் தடுக்கும்.

இக்கலை நம் கரைக்கும் புதிதன்று. சென்னைத் துறைமுகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் முன்னின்று நிறுவிய படகுக் கழகம் 1911இல் தோன்றியது. இன்று அது ராயல் மெட்ராஸ் யாட் கிளப் எனப்படுகிறது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், சென்னை இளைஞர் வருண் தக்கரும் கே. சி. கணபதியும் இருவர் செலுத்தும் 49இஆர் வகைப் படகில் வெண்கலம் வென்றனர். அப்படகில் கனத்த ஏரா இல்லை. கழிக்கு மாறாக முன்முனையில் நீட்டிய தண்டு உண்டு. பாய் இறங்கத் தவறினால் நிமிர்த்த எடையும் இல்லை. இருவரின் ஒத்த மனமே காவல்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் பழமொழி. எங்கள் ஊர்க் களத்தில் மற்றொன்றும் கண்டிருக்கிறேன். காற்று சூறையாக மாறினால் உழவர் முறத்தைக் கீழே வைத்துவிடுவர். இல்லையேல் பதரோடு நெல்லும் போய்விடும். பாயை ஏற்றக் கற்பவன் பாதி மாலுமி. இறக்கும் காலத்தையும் அறிந்தவனே முழு மாலுமி.