824633702441 (எண்)

824633702441 ஒரு பகா எண். நம் வழக்கில் 82,463 கோடியே 37 லட்சத்து 2 ஆயிரத்து 441. இதனுடன் இரண்டைக் கூட்டினால் வரும் 824633702443-உம் பகா எண்தான். எனவே இவை இரட்டைப் பகா எண்கள். நடுவில் நிற்கும் 824633702442 ஆறால் மீதியின்றி வகுபடும். 3, 5 என்னும் இணை நீங்கலாக எல்லா இரட்டையருக்கும் நடுவில் ஆறின் மடங்கு இருந்தே தீரும். 824633702441-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. ஆகவே அதை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக ஒரே ஒரு வகையில் எழுதலாம். 824633702443-க்கு மீதி 3; அதை அப்படி எழுதவே முடியாது.

இவ்வெண் பேர் பெறக் காரணமான கணக்கு நார்வே கணிதர் விகோ ப்ரூனுடையது. 1885-இல் லீயெரில் பிறந்தவர். பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போனால் தொகை எல்லையின்றி வளரும் என்று ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டியிருந்தார். இரட்டைப் பகா எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் தொகை ஓர் எல்லைக்குள் அடங்கிவிடும் என்று ப்ரூன் 1919-இல் நிறுவினார். அந்த எல்லையே ப்ரூன் மாறிலி. இரட்டையர் முடிவின்றி உண்டா என்ற கேள்விக்கு விடை தெரியாமலே இதைச் சாதித்ததுதான் வியப்பு.

அவர் கையாண்டது, பகா எண்களைச் சலித்தெடுக்கும் எரட்டோஸ்தனிசின் பழைய சல்லடை முறை. 2-இன் மடங்குகளைக் கழி, 3-இன் மடங்குகளைக் கழி, இருமுறை கழிபட்ட 6-இன் மடங்குகளைத் திரும்பக் கூட்டு என்று போகும் கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்து விடையையே விழுங்கிவிடும். கூட்டல் கழித்தலை நடுவிலேயே நிறுத்திவிட்டால், நிறுத்தும் இடத்தைப் பொறுத்து மேல்வரம்போ கீழ்வரம்போ உறுதியாகக் கிடைக்கும் என்று ப்ரூன் கண்டார். இவ்வழியே, போதுமான அளவு பெரிய ஒவ்வோர் இரட்டைப்படை எண்ணும் ஒன்பதுக்கு மேற்படாத பகாக் காரணிகள் கொண்ட இரு எண்களின் கூட்டுத்தொகை என்பதை 1920-இல் கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) வெளியிட்டார். நவீன சல்லடை முறை இவரிடமிருந்தே தொடங்குகிறது. 1946 முதல் 1955 வரை ஆஸ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார். 1978-இல் மறைந்தார்.

ப்ரூன் மாறிலியை நுட்பமாகக் கணிக்க முற்பட்ட அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, 1994-இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லு கொண்ட கணினி இவ்வெண்ணின் தலைகீழியைத் தவறாகத் தருவதைக் கண்டார். சில்லின் வகுத்தல் அட்டவணையில் ஐந்து பதிவுகள் விடுபட்டிருந்தன. வகுக்கும் எண்ணின் இரும வடிவில் குறிப்பிட்ட இடத்தில் ஒன்றுகள் தொடர்ந்து வந்தால்தான் அந்த ஓட்டை வெளிப்படும். 824633702441 என்பது 3 × 2³⁸-ஐவிட 18,391 மட்டுமே குறைவு. அதனால் இரும வடிவில் 10-ஐ அடுத்து 23 ஒன்றுகள் வரிசையாக நிற்கின்றன. இன்டெல்லுக்குச் சில்லுகளை மாற்றித் தர நேர்ந்தது; அதற்காக அது 47.5 கோடி டாலர் ஒதுக்கியது.

ப்ரூன் மாறிலியின் மதிப்பு ஏறத்தாழ 1.90216. இதுவரை அறியப்பட்ட மிகப் பெரிய இரட்டைப் பகா எண்கள் 2016-இல் கண்டறியப்பட்டன. ஒவ்வொன்றிலும் 3,88,342 இலக்கங்கள்.