வீட்டை இழுத்துக்கொண்டு போனவர்கள்



சென்ற ஆண்டு அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தபோது, ஒரு பூங்காவில் எழுபது வயதைத் தாண்டிய தம்பதியைப் பார்த்தோம். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் சின்ன டிரெய்லரில்தான் பாதி வருடம் குடித்தனம். பகலில் சாப்பாட்டு மேசை, இரவில் அதுவே படுக்கை. வரலாறு நடத்திய புத்தி சும்மா இருக்குமா? தேடிப் படித்தேன்.

உல்லாசத்துக்காக வீட்டோடு ஊர் சுற்றியவர்களில் முன்னோடி, இங்கிலாந்தில் வாழ்ந்த கார்டன் ஸ்டேபிள்ஸ். ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர். 1885-ல் இரண்டு குதிரை இழுக்கும் வண்டி வீட்டில் ஸ்காட்லாந்து வரை போனார். எதிரே வருபவர்களை எச்சரிக்க, வேலையாள் மூன்று சக்கர சைக்கிளில் முன்னே போவாராம்!

பிறகு கார் வந்தது. 1919-ல் அமெரிக்காவின் டாம்பா நகரில், காரோடு முகாமிட்டு ஊர் சுற்றுபவர்கள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று சங்கமே அமைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது வாலி பயாம் கதை. கூடாரத்தில் தங்க அவர் மனைவி மரியனுக்கு விருப்பமில்லை. அடுப்படி இல்லாமல் வரமாட்டேன் என்றார். பழைய ஃபோர்டு காரின் அடிச்சட்டத்தின் மேல் பயாம் ஒரு குட்டி வீடு கட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம். 1936-ல் அலுமினியத்தில் செய்த 'கிளிப்பர்' டிரெய்லரின் விலை 1,200 டாலர். 1969-ல் நிலாவிலிருந்து திரும்பிய மூவரைத் தனிமைப்படுத்தி வைத்ததும் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரை மாற்றிச் செய்த அறையில்தான்.

ஆனால் அதே 1930-களில், பொருளாதார மந்தத்தால் வேலையும் வீடும் இழந்து டிரெய்லரில் ஒண்டியவர்களும் உண்டு. ஒருவருக்கு உல்லாசம், இன்னொருவருக்குக் கடைசிக் கூரை. இதையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு.

முதியவர்கள் இதில் கிளம்ப இரண்டு சட்டங்கள் துணை நின்றன. 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வயதான காலத்தில் மாதப் பணத்துக்கு வழி செய்தது. 1956-ன் நெடுஞ்சாலைச் சட்டம் நல்ல சாலை தந்தது. பென்ஷனும் ரோடும் இருந்தால் போதாதா? 1959-ல் பயாம் 41 டிரெய்லர்களோடு கேப்டவுனிலிருந்து கெய்ரோவுக்கே புறப்பட்டுவிட்டார்.

பூங்கா தம்பதியிடம் வருகிறேன். கணவருக்குக் கண் பார்வை குறைகிறது. அதனால் மனைவி டிரெய்லரைப் பின்னால் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார். மூன்று தடவை கோணலாகப் போயிற்று. கணவர் வெளியே நின்று கையசைத்தாரே தவிர, ஸ்டியரிங்கை வாங்கவில்லை. நான்காம் தடவை சரியாக நிறுத்திவிட்டு வந்த மனைவியிடம், தான் போட்ட காபியை நீட்டினார். நான் அசந்துபோனேன்.

முப்பது வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவள் நான். ஏ.டி.எம். கார்டு மட்டும் வீட்டுக்காரர் சட்டைப் பையில். அவருக்கோ அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நாலு கட்டு வீட்டில் இதெல்லாம் மறைந்துவிடும். எட்டடி வண்டியில் மறையாது.

ஊர் திரும்பியதும் கார்டை வாங்கி நானே பணம் எடுத்தேன். முதல் நாள் கை நடுங்கியது. அவர் இப்போது ரசம் வைக்கிறார். உப்புதான் சில நாள் கூடிவிடுகிறது. நான் வாய் திறப்பதில்லை.

ஓய்வை நெருங்கும் என் பழைய மாணவர்களே, உங்கள் வீட்டில் யார் எதைப் பழக வேண்டும்? இன்றைக்கே பேசுங்கள்.

நலமோடு இருங்கள்.
உங்கள் டீச்சர்