தட்டைப் போரின் ஈரம்

ராய்ச்சூர்த் தட்டை என்றால் ஹைதராபாத் தீவனக் கடைகளில் விலை கொஞ்சம் கூடத்தான். நகரத்துக்குள் எருமை கட்டிப் பால் கறப்பவர்களுக்கு மேய்ச்சல் நிலம் ஏது? லாரியில் வந்து இறங்கும் சோளத்தட்டையை நறுக்கி விற்கும் அந்தக் கடைகளை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு. நான் காங்கயம் பக்கத்துக்காரன். கால்நடை மருத்துவனாக இங்கே வந்து தங்கிவிட்டேன். கடைக்காரர்கள் தட்டையை ஒடித்து, முகர்ந்து, தண்டின் நிறம் பார்த்து விலை சொல்வதைக் கண்டபோது எங்கள் ஊர்ப் பெரியவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

கடைக்காரர்களின் கணிப்பு எவ்வளவு சரி என்பது 2004-05இல் தெரிந்தது. படான்செருவில் இயங்கும் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பார்த்தசாரதி ராவும், சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மைக்கேல் ப்ளூமலும் இந்தக் கடைகளின் தட்டையைச் சோதித்தார்கள். விலை குறைந்த தட்டையின் செரிமானத் தன்மை 47 சதவீதம். விலை கூடியதில் 52. இந்த ஐந்து புள்ளிக்கு வியாபாரிகள் வைத்திருந்த விலை வித்தியாசம் சுமார் 25 சதவீதம்! எந்தக் கருவியும் இல்லாத கடைக்காரரின் கணிப்பு இது. தானிய மகசூலிலேயே குறியாக இருந்த சோள ஆராய்ச்சியில் தட்டையின் தரத்துக்கும் மதிப்பு கூட இத்தகைய ஆய்வுகள் உதவின.

ஆனால் ரகம் கொடுத்த தரத்தை ஈரம் பறித்துவிடும். அறுத்த பிறகும் தண்டில் உயிர் இருக்கிறது; சர்க்கரையை எரித்து மூச்சு விடுகிறது. ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூஞ்சைக்கு வேலை இல்லை. 20ஐத் தாண்டியதைப் போர் போட்டால் உள்ளே சூடு ஏறும். வெல்லம் காய்ச்சிய வாசனையோடு தட்டை பழுப்பாகும். மாடு ஆசையாகத் தின்னும். புரதம் மட்டும் உடம்பில் ஒட்டாது. மேலும் சூடேறினால் போர் தானே தீப்பிடிக்கும். மழையில் அகப்படும் காரீப் தட்டையைவிட, மாசி வெயிலில் காயும் ராபி தட்டையை இங்கே விரும்பி வாங்குவது இதனாலும்தான்.

குதிரைப்படை வைத்திருந்த வெள்ளைக்காரனுக்கும் இந்தக் கவலை இருந்தது. 1889இல் அலகாபாத்தில் தொடங்கிய இராணுவப் பண்ணைகள் நாடெங்கும் பரவின; செகந்திராபாத் போயன்பள்ளியில் ஒரு சாலைக்கு இன்னும் அந்தப் பெயர்தான். ஆண்டுக்கு 25,000 டன் உலர்புல் தந்த அந்த அமைப்பு 2021 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. புல்லைக் காயவைத்துக் காப்பதையும் தொழிலாக நடத்திய ஓர் அமைப்பு போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

வைக்கோலைக் காக்க மருந்தும் வந்தது. மேல்நாட்டில் புரோப்பியோனிக் அமிலம் தெளித்தார்கள். நம் விவசாயிக்கு அது கட்டுபடியாகாது. 1980களில் இந்தியாவிலும் இலங்கையிலும் யூரியா முறையைப் பரப்பினார்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டருக்குக் குறையாத தண்ணீர், மூன்று வாரம் காற்றுப் புகாத மூட்டம். யூரியா அம்மோனியாவாக மாறி நாரை இளக்கும், பூஞ்சையையும் அடக்கும். நல்ல முறைதான். கோடையில் அவ்வளவு தண்ணீருக்கும் ஆளுக்கும் எங்கே போவது? பெரும்பாலோர் கைவிட்டார்கள்.

இந்த அக்கறை மாட்டோடு முடிவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்கப் பாலைச் சோதித்தபோது, தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88இல் அஃப்ளாடாக்சின் எம்1 அளவு மீறியிருந்தது. பூஞ்சை பிடித்த தீவனம் வழியாகப் பாலில் இறங்கும் நஞ்சு அது. பிண்ணாக்கும் மக்காச்சோளமும் முதல் குற்றவாளிகள். ஈரத்தில் கெட்ட தட்டையையும் வைக்கோலையும் விட்டுவிட முடியாது.

இப்போது தெலங்கானாவிலும் தஞ்சாவூரிலும் இயந்திரம் வைக்கோலை உருளையாக இறுக்கிக் கட்டுகிறது. பழைய போர் மழையைச் சரித்து வெளியே விட்டது. இந்த உருளையோ உள்ளிருக்கும் ஈரத்தைப் பூட்டிவைக்கிறது. கட்டுமுன் ஒரு கைப்பிடி வைக்கோலையும் கொஞ்சம் உலர்ந்த உப்பையும் காய்ந்த பாட்டிலில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். உப்பு கட்டி தட்டினால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். பூஞ்சை பிடித்த கட்டைக் கறவை மாட்டுக்குப் போடாதீர்கள், எருக்குழிக்குப் போகட்டும்.