பூட்டிய அலமாரியும் திறந்த அடுக்கும்: கோலார் தங்கவயலிலிருந்து ஒரு மருந்துக் கிடங்கு வரலாறு

மருத்துவ வரலாறு எழுதுவோர் மருத்துவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். கொள்ளைநோய்களைப் பற்றியும், அண்மைக் காலமாகச் செவிலியரைப் பற்றியும் எழுதுகிறார்கள். மருந்து எந்தத் தட்டில் இருந்தது என்பதை எவரும் எழுதுவதில்லை. மருந்துக்கிடங்கின் தட்டு வரலாற்றுப் பொருளாகத் தோன்றாதது இயல்புதான். ஆயினும் ஒரு மருத்துவமனை தன் மருந்தை யாரிடமிருந்து காக்க நினைத்தது, எதிலிருந்து காக்கத் தவறியது என்ற இரண்டையும் அந்தத் தட்டு மறைக்காமல் காட்டிவிடுகிறது. கோலார் தங்கவயலும் அதன் கடைவீதியாக விளங்கும் ராபர்ட்சன்பேட்டையும் இதை ஆராய்வதற்கு ஏற்ற இடங்கள். ஒரே நிறுவனம் வேலையும் வீடும் மருந்தும் கொடுத்து, பின்னர் ஒரே நாளில் அனைத்தையும் நிறுத்திக்கொண்ட ஊர் அது.

1880இல் ஜான் டெய்லர் அன் சன்ஸ் நிறுவனம் இங்கே பொறுப்பேற்ற பிறகு, வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் வந்து குடியேறினர். பெரும்பாலோர் தலித் மக்கள். ஜானகி நாயரின் 1998ஆம் ஆண்டு நூலான ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ இவ்வுழைப்பாளர் உலகை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. மைசூர் சமஸ்தானத்தின் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரால் பேட்டை அமைந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது. சுரங்க நிறுவனத்திற்கெனத் தனி மருத்துவமனையும் இருந்தது. பாறைச் சரிவில் நொறுங்கிய எலும்புக்கும், கல்தூசி படிந்து இறுகிய நுரையீரலுக்கும் தொழிலாளி சென்ற இடம் அதுவே.

அக்கால மருத்துவமனைகளின் மருந்தறை எப்படியிருந்தது என்பதைப் பழைய அரசு மருத்துவமனைகளை அறிந்தோர் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். சுவரோரம் கண்ணாடிக் கதவு வைத்த மர அலமாரிகள் நிற்கும். அவற்றுள் டிங்க்சர்கள், உப்புகள், தைலங்கள். சுமார் இரண்டேகால் லிட்டர் கொள்ளும் வின்செஸ்டர் குப்பிகள் கனம் கருதிக் கீழ்த்தட்டில் இருக்கும். கம்பவுண்டர் மூலப்பொருள்களை அளந்து கலந்து மிக்சர் தயாரிப்பார். நோயாளி தன் வீட்டுக் குப்பியைக் கழுவிக் கொண்டுவருவார். வேளைக்கு எவ்வளவு என்று காட்டும்படி வெட்டிய காகிதப் பட்டை அதில் ஒட்டப்படும். இம்முறையில் மருந்தறை ஒரு கிடங்கு அன்று. அது ஒரு சமையலறை. சமையலறைக்கு வேண்டியது கைக்கெட்டும் தூரத்தில் சில டஜன் சரக்குகளும், அவற்றுள் ஆபத்தானவற்றுக்கு ஒரு பூட்டும்தான்.

பூட்டு அங்கே அலங்காரத்திற்கு இருக்கவில்லை. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ள ‘என்’ அட்டவணை, மருந்தகத்தில் நச்சுப்பொருள்களுக்குப் பூட்டும் சாவியும் கொண்ட அலமாரி வேண்டும் என்கிறது. அதன்மீது வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் ‘விஷம்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் எழுதப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. தூசி புகாதபடி இறுக மூடக்கூடிய கலங்களையும் அதே அட்டவணை கேட்கிறது. இவ்விதிகளின் மனத்தில் இருப்பது குப்பியும் இழுப்பறையும் நிறைந்த பழைய மருந்தறை என்பதைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கப்படும் ஒரு காலத்தை அவை முன்னுணரவில்லை.

‘அலமாரி’ என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தது. ‘பீரோ’ பின்னால் வந்தது. 1923 முதல் கோத்ரெஜ் நிறுவனம் எஃகுப் பீரோக்களைச் செய்யத் தொடங்கியதும், கரையானுக்கும் ஈரத்துக்கும் அஞ்சிய அலுவலகங்கள் மரத்தைவிட்டு இரும்புக்கு மாறின. எனினும் இம்மாற்றம் பொருளில் நிகழ்ந்ததேயன்றி எண்ணத்தில் நிகழவில்லை. மர அலமாரியின் பூட்டு இரும்புப் பீரோவின் பூட்டாயிற்று, அவ்வளவே. சாவி வைத்திருப்பவரே சரக்கின் கணக்கையும் அறிந்தவர். அவர் விடுப்பில் சென்றால் மருந்தும் விடுப்பில் செல்லும்.

எண்ணத்தை மாற்றிய பொருள் மருத்துவத்துறைக்கு வெளியே, ஓர் அச்சகத்தில் பிறந்தது. சிட்னியில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்து, பொறியியல் பயில இலண்டன் சென்று அங்கேயே தங்கிய டிமெட்ரியஸ் கொமினோ ஓர் அச்சகம் நடத்தினார். காகிதத்துக்கும் அச்சுப்பொருளுக்கும் தட்டு வேண்டியபோதெல்லாம் தச்சரையோ கொல்லரையோ அழைக்க வேண்டியிருந்தது. தேவை மாறியதும் முன்பு செய்தது விறகுக்கும் பழைய இரும்புக்கும் போயிற்று. இவ்வீண்செலவுக்கு அவர் கண்ட விடை, இரு முகத்திலும் நெடுகத் துளையிட்ட எஃகு ‘எல்’ பட்டை. வேண்டிய நீளத்துக்கு வெட்டி, வேண்டிய உயரத்தில் தட்டை வைத்து, போல்ட்டும் நட்டும் கொண்டு முடுக்கினால் போதும். பிரித்து வேறுவிதமாகவும் கட்டலாம். 1947இல் அது டெக்ஸியான் என்ற பெயரில் உற்பத்திக்கு வந்தது. கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு ‘வலப்பக்கம்’ என்று பொருள். மரமும் தச்சரும் ஒருசேரப் பஞ்சமாயிருந்த போருக்குப் பிந்தைய பிரிட்டனில் அது பரவியதில் வியப்பில்லை.

நம் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் ‘ராக்’ என்ற ஒரே சொல்லால் இன்று குறிக்கப்படுவது இதன் வழித்தோன்றலே. அதன் எடைக்குறைவு பலரை ஏமாற்றும். மெல்லிய தகடு தானாக வளையும். அதையே மடித்து ‘எல்’ வடிவாக்கினால் நெடுக்கில் நிமிர்ந்து நிற்கும். தட்டின் விளிம்பை நான்கு பக்கமும் கீழ்நோக்கி மடிப்பதும் இதே காரணத்தால்தான். வலு உலோகத்தின் கனத்தில் இல்லை, மடிப்பில் இருக்கிறது. மூலைகளில் போல்ட் இடப்படும் முக்கோணத் தகடு பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்கிறது. அந்தச் சிறு தகட்டைச் சிக்கனம் கருதி விட்டுவிட்ட ராக்குகள் ஊஞ்சலாடுவதை எந்த அலுவலகப் பதிவறையிலும் காணலாம். நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தட்டின் நடுவில் அதே சுமையை வைத்து நீளத்தை இரட்டித்தால், தொய்வு இரு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்காகும். எனவேதான் மூன்றடிக்குச் சற்று முன்னும் பின்னுமாகவே பெரும்பாலான தட்டுகள் நின்றுவிடுகின்றன.

மருந்தின் உருவம் மாறியதும் இவ்வடுக்கு மருத்துவமனைக்கு இன்றியமையாததாயிற்று. மிக்சர் பின்வாங்கி, தொழிற்சாலையில் அடைக்கப்பட்ட மாத்திரைப் பட்டை முன்வந்தது. சமையலறை கிடங்காகியது. பட்டை மாத்திரைக்குத் தூசி புகும் அச்சம் குறைவு. ஆகவே கதவு தேவையில்லை. ஆனால் குப்பிகளில் அரைகுறையாக இருந்த ஒன்று இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் அச்சாகியது: தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும். மருந்து விதிகளின் ‘பி’ அட்டவணை எந்த மருந்துக்கு எத்தனை மாத ஆயுள் என்று வகுக்கிறது. இதன்பின் மருந்தறையின் பெரும் பகைவர் திருடர் அல்லர், நாள்காட்டி. பூட்டிய பீரோ திருட்டிலிருந்து காத்தது, காலத்திலிருந்து காக்கவில்லை. முன்வரிசையில் புதுப்பெட்டியும் பின்வரிசையில் பழையதும் இருக்க, கதவு மூடியிருக்கும்வரை எவர் கண்ணுக்கும் அது படாது. கண்டுபிடிக்கப்படும் நாளில் பின்வரிசை காலாவதியாகியிருக்கும். அதே மருந்து வேண்டி வந்தவரிடம் ‘ஸ்டாக் இல்லை’ என்று சொல்லப்பட்டிருக்கவும் கூடும். ஏழை நோயாளியைப் பொறுத்தவரை களவு போன மருந்துக்கும் காலாவதியான மருந்துக்கும் வேறுபாடில்லை. இரண்டுக்குமாக அவர் வெளிக்கடையில் பணம் கொடுக்கிறார்.

இதை அமைப்பாக மாற்றிக் காட்டியது தமிழ்நாடு. 1994 ஜூலையில் பதிவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1995 தொடக்கத்திலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கத் தொடங்கியது, இ.ஆ.ப. அதிகாரி ஆர். பூர்ணலிங்கம் அதன் முதல் நிர்வாக இயக்குநர். உலக சுகாதார நிறுவனம் 1977இல் சுமார் 200 பெயர்களுடன் வெளியிட்ட இன்றியமையா மருந்துப் பட்டியலின் தர்க்கமே இங்கும் செயல்பட்டது: எல்லாவற்றையும் கொஞ்சம் வாங்குவதை விட்டு, தேவையான சிலவற்றைப் பெருமளவில் பொதுப்பெயரில் வாங்குவது. இக்கழகத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒப்பந்தப்புள்ளி முறையையும் விலைச்சரிவையும் பேசுகின்றன. அவை முக்கியமானவையே. ஆனால் மாவட்டக் கிடங்குகளின் உள்ளமைப்பு போதிய கவனம் பெறவில்லை.

கிடங்குக்கு வந்த சரக்கு நேரே வழங்கலுக்குப் போவதில்லை. மாதிரி ஆய்வகத்துக்குச் செல்லும்; முடிவு வரும்வரை சரக்கு தனியிடத்தில் காத்திருக்கும். தேறினால் வழங்கல் அடுக்குக்கு வரும். தேறாவிடில் ஒதுக்கிடத்துக்குப் போகும். இம்மாதம் காத்திருப்புக்கு நிறைய இடமும் அடுத்த மாதம் வழங்கலுக்கு நிறைய இடமும் வேண்டும். வெல்டிங் செய்து நிலைநிறுத்திய தட்டில் இது இயலாது. கழற்றி ஏற்றவும் இறக்கவும் கூடிய அடுக்கில் இயலும். முதலில் காலாவதியாவது முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியும் அப்படியே: பின்புறமும் பக்கமும் திறந்த அடுக்கில் ஊழியர் ஒருவர் நடந்து போகையிலேயே தேதிகளை வாசித்துவிடலாம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீட்டை ரூபாயில் குறித்த பாஸ்புக் கொடுக்கப்பட்டது. எடுத்த மருந்தின் மதிப்பு அதில் கழியும். கணினியில் ஓர் எண், பாஸ்புக்கில் ஓர் எண், அடுக்கில் கண்ணால் எண்ணத்தக்க பெட்டிகள். மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே முந்தைய சாவிக்காரரின் இடத்தைப் பிடித்தது.

எல்லாம் ராக்கில் ஏறிவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரை லிட்டர் குளுக்கோஸ் குப்பிகள் 24 கொண்ட ஒரு பெட்டி 12 கிலோவைத் தாண்டும். ஐந்து பெட்டிகள் ஒரு தட்டில் 60 கிலோவுக்கு மேல். அவை தரையிலிருந்து உயர்த்திய பலகைமேடையில் இருப்பதே நல்லது. உலக சுகாதார நிறுவனமும் பிறரும் 2003இல் வெளியிட்ட சேமிப்பு வழிகாட்டி, தரையிலிருந்து 10 செ.மீ., சுவரிலிருந்து 30 செ.மீ. விலகியும், 2.5 மீட்டருக்கு மேல் உயராமலும் பெட்டிகளை அடுக்கச் சொல்கிறது. போதைமருந்துகளுக்குப் பூட்டு இன்றும் உண்டு. அது நீங்கவும் கூடாது.

கர்நாடகமும் 2000களின் தொடக்கத்தில் மருந்துத் தளவாட, கிடங்குச் சங்கம் ஒன்றை அமைத்து இவ்வழியில் நடந்தது. தங்கவயல்வாசிகளின் நிலை இங்கேதான் விந்தையானது. பேச்சும் உறவும் தமிழ்நாட்டுப் பக்கம்; அரசு மருந்து வருவதோ கர்நாடக வழியில். அதைவிட முக்கியமானது, அரசு விநியோக முறை இவ்வாறு உருப்பெற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில் அவர்களுடைய சொந்த முறை சரிந்தது. 1956இல் மைசூர் அரசிடமும், 1962இல் மத்திய அரசிடமும் சென்று, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமான அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கூலியோடு மருந்தும் நின்றது. சிலிகோசிஸ் சுரங்கத்தை விட்டு வெளியேறிய பிறகும் நுரையீரலில் தொடரும் நோய். நிறுவன மருத்துவமனையோ சுரங்கத்தோடு செயலிழந்தது. ஒருவர் ஓய்வுபெற்ற பின்பே அதிகம் தேவைப்பட்ட மருந்து, அவருடைய வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. நிறுவன நல்வாழ்வு என்று பாராட்டப்படும் ஏற்பாட்டின் இக்கட்டு இது.

இரும்பைக் கையாளத் தெரியாத ஊரன்று இது. சுரங்கப் பட்டறைகளில் ஃபிட்டர்களும் வெல்டர்களும் தலைமுறைகளாக வேலை பார்த்தனர். 1964இல் தொடங்கிய பெமல் நிறுவனம் கனரக மண்வாரி இயந்திரங்களை இங்கேயே செய்தது. துளையிட்ட ஆங்கிளில் அடுக்குக் கட்டுவது அவர்களுக்கு அரை நாள் வேலை. தட்டு ஒருபோதும் இங்கே பற்றாக்குறையாக இருந்திருக்க முடியாது. தட்டுக்கு வந்து சேர வேண்டிய பெட்டியை யார் வாங்கி, யார் சோதித்து, யார் அனுப்புவது என்பதே கேள்வியாக இருந்தது. 2021ஆம் ஆண்டின் இரண்டாம் கோவிட் அலையில் அது மறுபடி எழுந்தது. இருபது ஆண்டுகள் கிடந்த நிறுவன மருத்துவமனையைத் தன்னார்வலர்கள் பெருக்கிக் கழுவிச் சில வாரங்களில் சிகிச்சை மையமாக்கினர். சுவரும் கூரையும் விரைவில் மீண்டன. விநியோகத் தொடர் மட்டும் மாநில அரசின் அமைப்பிலிருந்தே வர வேண்டியிருந்தது.

ராபர்ட்சன்பேட்டையில் எந்தத் திறந்த அடுக்கும் எதிர்கொள்ளும் ஓர் உள்ளூர்ச் சிக்கலும் உண்டு. ஊரைச் சூழ்ந்து மூன்று கோடி டன்னுக்கும் மேற்பட்ட சுரங்கக் கழிவு மணல் குன்றுகளாகக் குவிந்திருக்கிறது. ஊரார் அதைச் சயனைடு மலை என்பர். காற்றுக் காலத்தில் அதன் மென்தூள் தெருக்களையும் வீடுகளையும் தேடி வருகிறது. பட்டைக்குள் இருக்கும் மாத்திரைக்கு அதனால் கேடில்லை. ஆனால் பெட்டியின்மேல் படியும் தூள் காலாவதித் தேதியை மறைத்துவிடும். கதவில்லாத அடுக்கின் ஒரே நன்மை அத்தேதி கண்ணில் படுவதுதான் என்பதால், இங்கே மருந்தாளுநர் கணக்கெடுக்கும் முன் துணியால் துடைக்க வேண்டியிருக்கும்.